விளிம்பு எழுத்தும் வராத ரோல்

வீட்டில் ஃபிலிம் கழுவும் டேங்கைத் திறந்து ரீலை வெளியே எடுத்தபோது ஃபிலிம் கழுவிய கண்ணாடி போல இருந்தது. முப்பத்தாறு படங்களில் ஒன்றுகூட இல்லை. ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் மார்ச் கடைசியில் எடுத்த ரோல் அது. கோடை மழை ஒன்று நன்றாக இறங்கி ஒன்பது பத்து நாள் கழித்துக் காப்பிச் செடி பூக்கும். கிளை முழுக்க வெள்ளையாக நின்று, இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அடுத்த பூவுக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஸ்கூட்டரில் ஏறிப் போய் எடுத்த படங்கள் ஏப்ரல் 28 அன்று சேலம் கன்னங்குறிச்சி வீட்டுக் குளியலறைச் சாக்கடையில் போய்விட்டன.

முதல் அரை மணி நேரம் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். ஷட்டர் திறக்கவில்லையோ, ஃபிலிம் பற்சக்கரத்தில் மாட்டாமல் நின்ற இடத்திலேயே நின்றதோ என்று. பிறகுதான் ஃபிலிமின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை.

ஃபிலிமின் விளிம்பில் அதன் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்ற படவரிசை எண்களும் இருக்கும். அவற்றை மையால் அச்சடிப்பதில்லை. தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்து அனுப்புகிறார்கள். அவையும் படத்தைப் போலவே, படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் பட்டால்தான் தெரியும். எழுத்து இருந்து படம் இல்லையென்றால் குற்றம் கேமராவில். முழுக்கக் கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. எழுத்தும் படமும் சேர்ந்தே இல்லையென்றால் மிஞ்சுவது இரண்டு: டெவலப்பர் வேலை செய்யவில்லை, அல்லது அவசரத்தில், அதற்குப் பிறகு ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறேன். கேமராவின் மேல் பழி போட வழியில்லை.

இரண்டாவது சந்தேகம் சங்கடமானது. ஃபிக்ஸர் முதலில் போனால் ஒளிபட்ட வெள்ளி உப்பையும் படாததையும் சேர்த்துக் கரைத்துவிடும், பிறகு எந்த டெவலப்பரும் ஒன்றும் செய்ய முடியாது. டெவலப்பரை நான் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து ஒரே தடவை பயன்படுத்தி ஊற்றிவிடுவேன், ஆகவே டேங்கில் சாட்சி இல்லை. ஆனால் பாட்டிலில் மூலக்கரைசல் மிச்சம் இருந்தது. ஃபிலிமைக் கேமராவில் ஏற்றும்போது வெட்டிப் போடுகிற நாக்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்து, பட்டப்பகலில், பாட்டிலிலிருந்து ஊற்றிய டெவலப்பரில் பாதியளவு அமிழ்த்தினேன். வெளிச்சம் பட்ட ஃபிலிம் நல்ல டெவலப்பரில் ஒரு நிமிடத்துக்குள் சாம்பலாகி, நான்கு ஐந்து நிமிடத்தில் கரியாகிவிடும். பத்து நிமிடம் ஆனது. இருபதானது. துண்டு நனைந்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் போட்டேன். மூன்று நிமிடத்தில் தெளிந்தது. ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறது, டெவலப்பர் செத்துக் கிடக்கிறது.

எரிச்சலூட்டியது என்னவென்றால், அந்த டெவலப்பர் பார்க்க அன்று கலந்தது போலவே இருந்தது. நிறமில்லை, கலங்கலில்லை, வாடையில்லை. மார்ச் 20 வாக்கில் இதே கரைசலில் ஒரு ரோல் அருமையாக வந்திருக்கிறது.

இங்கே அது என்ன வகை என்று சொல்ல வேண்டும். பழைய டெவலப்பர்களில் பெரும்பாலானவை ஹைட்ரோகுவினோன் என்ற வேதிப்பொருளை நம்பியவை. 1927இல் கோடாக் கொண்டுவந்த டி-76 இன்றும் விற்கிறது. அதில் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஹைட்ரோகுவினோனுக்குப் பதில் வைட்டமின் சி குடும்பத்து அமிலத்தைப் போட்டு 1996இல் கோடாக்கின் எக்ஸ்டால் வந்தது. படத்தில் தெரியும் பொடிமணி சிறியது, நிழல் பகுதியில் விவரம் கூடுதல், நச்சுத்தன்மை குறைவு என்று அந்த வகைக்கு நல்ல பெயர். நான் வாங்கியதும் அந்தக் குடும்பத்துப் பொடிதான். பாக்கெட்டின் பெயர் இங்கே தேவையில்லை, தவறு அதில் இல்லை. ஒரு பாக்கெட் 5 லிட்டர் கரைசல் தரும். மாதம் ஒன்றிரண்டு ரோல் கழுவுகிறவன் 5 லிட்டர் வாங்கியது, இருவர் இருக்கும் வீட்டுக்குக் கல்யாண அண்டாவில் சோறு வடித்தது போல. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நிறம் பற்றிய விஷயம் முக்கியம். டி-76 போன்றது காற்றுப் பட்டுக் கெடும்போது மஞ்சளாகி, தேநீர் நிறமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். வைட்டமின் சி வகை எதையும் சொல்லாது. நேற்றுவரை நன்றாக நடமாடிவிட்டு இன்று காலை எழுந்திருக்காது.

எதனால் செத்தது? முதலில் தோன்றியது வெயில். மார்ச்சிலிருந்தே சேலம் கொதிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. பாட்டில்கள் இருந்த அலமாரி மேற்குச் சுவரை ஒட்டியது. மாலையில் உள்ளே 36 காட்டியது. வேதிவினை எதுவும் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. இரண்டாவது சந்தேகம் காற்று. கடைசி பாட்டில் பாதிதான் இருந்தது. மேல் பாதி காற்று. டி-76 கரைசலுக்கே நிறைந்த பாட்டிலில் ஆறு மாதம், பாதி பாட்டிலில் இரண்டு மாதம் என்றுதான் தயாரிப்பாளர் ஆயுள் சொல்கிறார்.

ஆனால் கணக்கு உதைத்தது. இதற்கு முந்தின பாக்கெட்டைச் செப்டம்பரில் கலந்து பிப்ரவரிவரை ஐந்து மாதம் ஓட்டினேன். அதன் கடைசி பாட்டிலும் பாதியாகத்தான் பல வாரம் நின்றது. பிப்ரவரி இறுதியில் கலந்த இது இரண்டே மாதத்தில் போயிற்று.

வழக்கமாகப் போகும் பழைய ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆயிற்று. இன்னும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து யாராவது கேமராவோடு வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்.

“எந்தத் தண்ணீரில் கலந்தாய் தம்பி?”

“குழாய்த் தண்ணீர்தான் அண்ணா.”

“எந்தக் குழாய்? காவிரியா, போரா?”

பதில் சொல்ல நேரமாயிற்று. செப்டம்பரில் 20 லிட்டர் கேன் தண்ணீரில் கலந்தது நினைவிருக்கிறது. பிப்ரவரியில் கேன் போடுகிற தம்பி இரண்டு நாள் வரவில்லை. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரும் அன்று முறை இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் இருந்தது போர் தண்ணீர்.

“நாங்கள் ஐப்பசி மழையில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் டெவலப்பருக்கு எடுப்போம். தீர்ந்துவிட்டால் கொதிக்க வைத்து ஆற்றித் தெளியவைப்போம். கழுவுவதற்குத்தான் கிணற்றுத் தண்ணீர்” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “எங்கள் முதலாளி சொன்னார், செய்தோம்” என்பதோடு முடித்துக்கொண்டார்.

காரணம் என் வீட்டுச் சமையலறையிலேயே பல வருடமாக இருந்தது. போர் தண்ணீரில் டீ போட்டால் கறுத்து மை போல ஆகிவிடுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வினையால்தான். இரண்டு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த்தூள் போட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் கேன் தண்ணீர் வெளிர் மஞ்சள். போர் தண்ணீர் மழைக்கால மேகம்போல் இருந்தது. அம்மா வந்து பார்த்தார். “இதைத்தானே நான் சொன்னேன், நீ எங்கே காதில் வாங்கினாய்?” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சேலத்துக்காரர் யாரிடம் சொன்னாலும் உடனே கஞ்சமலையைக் காட்டுவார்கள். அங்கே இரும்புத் தாது இருப்பது உண்மை. செட்டிச்சாவடிப் பக்கம் மாக்னசைட் தோண்டுவதும் உண்மை. என் வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போரில் இறக்கிய இரும்புக் குழாய் நான் பள்ளியில் படித்தபோது போட்டது. காலையில் மோட்டார் போட்டதும் வரும் முதல் வாளி கொஞ்சம் செம்மஞ்சளாகவே இருக்கும்.

இரும்பு இங்கே செய்வது தரகு வேலை. வைட்டமின் சியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தாமாகச் சந்தித்தால் பேரம் மெதுவாகத்தான் முடியும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கிற தரகர் போல இரும்பு நடுவில் நின்றால், ஒருவரிடம் எலெக்ட்ரானை வாங்கி மற்றவரிடம் கொடுத்துவிட்டு, தான் பழையபடி அடுத்த பேரத்துக்குத் தயாராகிவிடும். அது செலவாவதே இல்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். செம்பும் இதே வேலையைச் செய்யும். இந்த வகைப் பொடிகளில் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

கதை பொருந்துகிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. ஜூனில் இன்னொரு பாக்கெட் வரவழைத்தேன். இந்தப் பொடியைப் பிரித்துப் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. பாக்கெட்டுக்குள் எல்லாம் சீராகக் கலந்திருக்காது. ஆகவே பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் 3 லிட்டரில் மொத்தப் பொடியையும் கரைத்தேன். அதை 600 மில்லியாக ஐந்து பாட்டிலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 400 மில்லி வேறு வேறு தண்ணீர் சேர்த்து லிட்டராக்கினேன். இரண்டில் டிஸ்டில்டு, ஒன்றில் வீட்டு ஆர்ஓ, இரண்டில் போர். டிஸ்டில்டில் ஒன்றையும் போரில் ஒன்றையும் முதல் வாரமே பாதி பயன்படுத்திவிட்டு, பாதிக் காற்றோடு விட்டேன். மற்ற மூன்றும் கழுத்துவரை நிறைந்தவை. எல்லாம் ஒரே அலமாரி. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லி எடுத்து நாக்குத் துண்டில் சோதித்து, கறுக்கும் நேரத்தை எழுதினேன். எடுத்த அளவுக்கு ஈடாக நிறைந்த பாட்டில்களில் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் பையன் தன் கோலிக்குண்டுகள் எதற்குக் கடனாகப் போகின்றன என்று புரியாமலேயே கொடுத்தான்.

நான்காம் வாரம் பாதியாக இருந்த போர் பாட்டில் நின்றது. அதற்கு முந்தின ஞாயிறு அது ஆறு நிமிடத்தில் கறுத்திருந்தது. நிறைந்த போர் பாட்டில் ஏழாம் வாரம் போயிற்று. டிஸ்டில்டும் ஆர்ஓவும் பன்னிரண்டாம் வாரத்திலும் முதல் நாள் வேகத்திலேயே இருந்தன. பாதியாக நின்ற டிஸ்டில்டு பாட்டில் பதினோராம் வாரத்தில் சற்றுச் சோம்பியது, ஆனால் சாகவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலமாரியில் 33 டிகிரியைத் தாண்டவில்லை. வெயில் உடந்தை, அவ்வளவுதான். காற்று அதைவிடக் கொஞ்சம் பெரிய உடந்தை. ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததுதான் இது. என் போர், என் அலமாரி.

இனி என்ன வைத்துக்கொள்வது என்ற கேள்வி. எனக்குப் பிறகு இரண்டு பேர் இதையே கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எப்போதாவது ஒரு ரோல் கழுவுகிறவருக்கு நான் சொல்வது ரோடினால் வகைதான். 1891இல் ஆக்பா விற்கத் தொடங்கிய பாரா அமினோஃபீனால் செறிவுக் கரைசல் அது. பாட்டிலில் கருங்காப்பி நிறமாகிக் கிடந்தாலும் பல வருடம் கழித்து வேலை செய்யும். தேவைப்படும்போது சில மில்லியைத் தண்ணீரில் கலந்து, ஒரு தடவை பயன்படுத்தி ஊற்றிவிடலாம். கலந்த கையோடு செலவாகிவிடுவதால் தண்ணீரில் உள்ள இரும்புக்குக் கெடுக்க நேரம் கிடைக்காது. எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஒன்றுக்கு ஐம்பது கலவையில் 20 டிகிரியில் 11 நிமிடம். பொடிமணி பெரிதாகத் தெரியும். அது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது பிடிக்கிறது. காப்பிப் பூவுக்குப் பிடிக்காது.

பூவுக்கு டி-76. அதை நானே லிட்டர் கணக்கில் கலக்கிறேன். 50 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர், மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், கடைசியில் லிட்டராகும்வரை தண்ணீர். இந்த வரிசையிலேயே போட வேண்டும். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் மிதக்கும். ஒரு சிட்டிகை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கிராமைத் துல்லியமாக நிறுக்கச் சேலத்தில் கவலையே இல்லை. கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற சின்ன மின்தராசு செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் புண்ணும் தரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வகப் பொருள் கடைக்குத் தமிழில் சீட்டெழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள். நான் ஒரு முறை அனுப்பினேன். ‘சல்பைட்’ என்று எழுதியது ‘சல்பைடு’ என்று படிக்கப்பட்டு, அழுகிய முட்டை வாடையோடு செதில் செதிலாக ஒரு டப்பா வந்து சேர்ந்தது. டெவலப்பருக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவது ஃபிலிமை முழுக்கப் புகைமூட்டமாக்கும். அதில் அமிலம் பட்டால் ஆளைக் கொல்லக்கூடிய வாயு கிளம்பும். ‘சல்பேட்’ மூன்றாவது ஆள். டெவலப்பரைக் காக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது. புள்ளி, கொம்பு அளவில்தான் வித்தியாசம். இப்போது டப்பாவின் படத்தையே கைபேசியில் காட்டி வாங்குகிறேன். அந்தச் சல்பைட்டும் திறந்த டப்பாவில் நாளாக நாளாகக் காற்றோடு சேர்ந்து சல்பேட்டாக மாறிக்கொண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. ஆகவே அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.

ஃபிக்ஸருக்கு ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் மலிவு, எளிது. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்ததற்குப் பிறகு அடிப்படையில் எதுவும் மாறவில்லை. அமில ஃபிக்ஸர் மட்டும் மே மாதத்தில் பாலாகத் திரியும். அது கந்தகம், ஊற்றிவிட வேண்டியதுதான். தெளியும் நேரம் புதிதாக இருந்ததைவிட இரண்டு மடங்கானாலும் அப்படியே. ஊற்றுவது என்றால் கிணற்றோரத்திலோ செடியிலோ ஊற்றக் கூடாது, அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. கொலுசுப் பட்டறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்கள் பெரிதாயின. ஒரு ரோலில் அரை கிராம்கூடத் தேறாது என்றதும் சுருங்கிவிட்டன. ஆனாலும் கேனில் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். இரும்புக் கம்பி நாரை அதில் போட்டு வைத்தால் வெள்ளி படியும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. டெவலப்பரில் வில்லனாக வந்த இரும்பு இங்கே நல்லவன்.

பாட்டிலுக்கு வருகிறேன். கால் லிட்டர், அரை லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள்தான் சரி. ஒரு பாட்டிலைத் திறந்தால் ஒன்றிரண்டு ரோலில் தீர்ந்துவிட வேண்டும். குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடலாம், அந்தப் பிளாஸ்டிக் காற்றை ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஆனால் எங்கள் வீட்டில் குழந்தைகள் வருவார்கள், தண்ணீர் போல இருக்கும் கரைசலைக் குளிர்பானப் பாட்டிலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கவில்லை. சோறு வைக்கிற இடம் அது. குளிரில் உப்புகள் அடியில் படிகமாகவும் இறங்கும். பாட்டில்கள் இப்போது கிழக்கு அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில். தரையோடு இருக்கும் இடம் அலமாரியைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு. ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன, எந்தத் தண்ணீர், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்தத் தண்ணீர் என்பதுதான் புதிதாகச் சேர்ந்தது.

வேலை நாளில் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியில் வரும். வாளியில் ஐஸ் போட்டு டேங்கையும் பாட்டில்களையும் 24க்கு இறக்குவேன். 20க்கு இறக்கப் பிடிவாதம் பிடித்தால் கழுவும் தண்ணீருக்கும் அதற்கும் இடைவெளி கூடி, ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கிக்கொள்ளும். 24இல் ரோடினாலின் 11 நிமிடம் ஏழரை அளவாகும். அதற்கு முன்னால், ஃபிலிமை ரீலில் சுற்றுவதற்கும் முன்னால், நாக்குத் துண்டு ஒன்று. கறுத்தால்தான் விளக்கை அணைப்பேன்.

மாமா நேற்று இரவு கூப்பிட்டார். சேர்வராயன் மலைப் பக்கம் மாலை நாலு மணிக்குப் பிடித்த மழை ஏழுவரை விடவில்லையாம். விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன், அடுத்த வியாழன். இரண்டு ரோல் எடுத்து வைத்திருக்கிறேன்.